முதல் மிகுபுனைவுக் கதை எழுத: வரைபடம், நடைக்கணக்கு, ஒரு கைத்தடி

நான் முதன்முதலில் எழுதிய ஃபேண்டசிக் கதையில் பதினொரு அரசர்கள், மூன்று போர்கள், ஒரு பறக்கும் யாளி. எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்து முடித்த என் அக்காள் மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "சித்தி, இவர்கள் எப்போது சாப்பிடுவார்கள்?" நாற்பது நாள் பயணத்தில் ஒருவரும் ஒரு வாய் உணவு உண்ணவில்லை. எவர் தோளிலும் ஒரு மூட்டைகூட இல்லை.

அன்றிலிருந்து நான் கதையைத் தலைகீழாக எழுதப் பழகினேன். வீரத்தையும் நட்பையும் நேரடியாக எழுத முயல்வதில்லை. தூரம், பசி, சுமை மூன்றையும் ஒழுங்காகக் கணக்குப் போட்டால், அவை இரண்டும் கேட்காமலே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. முதல்முறை எழுதுகிறவர்களுக்காக அந்த வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: மலையை முதலில் வரையுங்கள்

ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்சில், ஒரு ரப்பர். 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன், தாம் வரைபடத்தில் தொடங்கி அதற்கேற்பக் கதையை அமைத்துக்கொண்டதாகவும், மாற்றிச் செய்தால் குழப்பமே மிஞ்சும் என்றும் 1954இல் ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார். ஆறு மாதம் நீளும் பயணக் கதையை எழுதியவர் சொல்வது, கேட்டுக்கொள்ளலாம்.

மலைத்தொடரை வரைந்த பிறகுதான் ஆறு. ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். வழியில் சிற்றாறுகள் வந்து சேர்ந்து பெரிதாகும். கடலை நெருங்கிய கழிமுகத்தில் கிளை பிரியலாமே தவிர, நடுவழியில் இரண்டாகப் பிரிந்து இரண்டு கடலுக்குப் போவது மிக அபூர்வம். தொடக்கக்காரர்களின் வரைபடத்தில் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான்.

அடுத்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஓர் அம்புக்குறி போடுங்கள். காற்று மோதும் பக்கம் மழைக்காடு, மறுபக்கம் வறண்ட நிலம். தென்மேற்குப் பருவமழையின்போது கேரளச் சரிவு நனைந்துகொண்டிருக்க, மலைக்கு இந்தப் பக்கம் நாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நமக்குத் தெரியாததா? அந்த ஓர் அம்புக்குறியிலேயே எங்கே பயிர் விளையும், எங்கே ஆடு மேயும், யாருக்கு யார் மேல் பொறாமை என்பதெல்லாம் பாதி முடிவாகிவிடும்.

கடைசியாக அளவுகோல். ஒரு விரற்கடை 20 கிலோமீட்டர் என்று தாளின் மூலையில் எழுதிவிடுங்கள். இதை மட்டும் தவிர்க்காதீர்கள்.

படி 2: ஒவ்வொரு நிலத்துக்கும் எட்டு வரி

உலகைக் கட்டமைக்க நூறு கேள்விகள் கொண்ட படிவங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றை நிரப்பியே ஓய்ந்துபோனவர்கள் பலர். நான் தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியலோடு நிறுத்திக்கொள்கிறேன்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு நிலத்துக்கும் இந்த எட்டையும் ஒவ்வொரு வரியில் எழுதுங்கள். பறை எதற்கு என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆபத்து வந்தால் அந்த ஊர் எப்படிக் கேட்கும் என்பதை அதுதான் சொல்கிறது.

படி 3: பெயர்களுக்கு ஒரு விதி

அகராதியைப் புரட்டிப் பெயர் பொறுக்க வேண்டாம். ஒவ்வோர் ஊருக்கும் ஒரே ஒரு விதி போதும். என் கதையில் சமவெளி மக்கள் பிள்ளைகளுக்குச் செடி கொடிகளின் பெயரை வைப்பார்கள். மலை மக்கள் பிறந்த நாளின் வானிலையை வைப்பார்கள். ஆகவே சமவெளிப் பெண் தும்பை, மலைப் பையன் வாடை. எங்கிருந்து வந்தவர் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

மந்திரத்துக்கென்று தனிப் படி வைக்கவில்லை. இருந்தால், அதற்கு விலை இருக்கட்டும். அவ்வளவுதான்.

படி 4: நடைக்கணக்கு

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தும்பையும் வாடையும் ஒரு மண்சட்டியில் தணலைச் சுமந்துகொண்டு மலைக்கு அப்பால் உள்ள கோயிலுக்குப் போக வேண்டும். அந்தத் தணல் அணைந்தால் மறுபடி மூட்ட வழியில்லை. இது கதையின் விதி.

வழி: சமவெளிச் சாலை 100 கிலோமீட்டர், நாளுக்கு 20 வீதம் 5 நாள். அடிவாரக் காடு 50 கிலோமீட்டர், நாளுக்கு 10 வீதம் 5 நாள். கணவாய் 15 கிலோமீட்டர், செங்குத்து ஏற்றம், 3 நாள். ஆக 13 நாள்.

சுமை: ஆளுக்கு நாளொன்றுக்கு 600 கிராம் மாவும் கருவாடும் என்றால் இருவருக்கும் 15.6 கிலோ. தணலுக்கு நாள்தோறும் ஒரு கிலோ கரி, 13 கிலோ. தண்ணீர் ஒரு நாளுக்கு மட்டும் (வழியில் நிரப்பிக்கொள்ளலாம்), ஆளுக்கு மூன்று லிட்டர், 6 கிலோ. சட்டி 3 கிலோ. மொத்தம் 37.6 கிலோ, ஆளுக்கு ஏறக்குறைய 19. தூக்கலாம், ஆனால் வலிக்கும்.

இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்குக் கதை தானாகக் கிடைத்தது. தணல் சாம்பலுக்கடியில் உயிரோடு இருக்கும், ஆனால் இரவில் சில மணிக்கு ஒருமுறை சாம்பலை விலக்கிக் கரி போட வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு முறையும் இருவரில் ஒருவர் எழுந்தாக வேண்டும். யார் எழுவது, யாரை எழுப்பாமல் விடுவது? தன் முறையில்லாத நேரத்திலும் சத்தமில்லாமல் எழுந்து கரி போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும் ஒருவரை எழுதிவிட்டால், 'உயிர்த்தோழன்' என்ற சொல்லுக்கு வேலையே இல்லை.

படி 5: நண்பன் பையில் என்ன வைத்திருக்கிறான்?

நட்பை வசனத்தில் தேடாதீர்கள், மூட்டையில் தேடுங்கள். டோல்கீன் கதையில் தோட்டக்காரன் சாம், சமையல் பாத்திரங்களை அத்தனை தூரம் சுமந்து வருகிறான். பையின் அடியில் ஒரு தட்டையான மரப்பெட்டியில் குறைந்துகொண்டே வரும் உப்பு. எதிரியின் மண்ணில் சுமையைக் குறைக்க வேண்டிய கட்டத்தில் அந்தப் பாத்திரங்களை அவன் ஒரு பிளவுக்குள் எறிகிறான். பாத்திரம் விழும் சத்தம் கேட்டு அவனுக்கு நெஞ்சு அடைக்கிறது. இனிச் சமைக்கப்போவதில்லை, அதாவது திரும்பப்போவதில்லை என்பது அந்தச் சத்தத்திலேயே நமக்குப் புரிகிறது.

டோல்கீன் முதல் உலகப் போரின்போது, 1916இல், பிரான்ஸின் சோம் போர்முனையில் தகவல் தொடர்பு அதிகாரியாக இருந்தவர். நெருங்கிய நண்பர்கள் இருவரை அந்த ஆண்டே இழந்தார். அந்தப் போரில் தாம் கண்ட சாதாரணச் சிப்பாய்களின் சாயலில்தான் சாமைப் படைத்ததாகப் பின்னாளில் சொன்னார். உப்புப்பெட்டி எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு, ஊகமாகவே இருக்கட்டும்.

படி 6: வீரனைத் தோற்கவிடுங்கள்

வாளைச் சுழற்றி ஐம்பது பேரை வீழ்த்துகிறவனை எழுதுவது எளிது, படிப்பது அலுப்பு. டோல்கீன் கதையின் நாயகன், சாமின் எஜமானன் ஃப்ரோடோ, எரிமலையில் எறிந்து அழிக்க வேண்டிய தீய மோதிரத்தை அதன் விளிம்புவரை சுமந்து வந்து, கடைசி நொடியில் அதை எறிய முடியாமல் தனதாக்கிக்கொள்கிறான். அதன் பிறகும் அவனை நாம் வீரன் என்றுதான் நினைக்கிறோம். ஏன்? அவன் நடந்த ஒவ்வொரு நாளும் நமக்குக் கணக்குத் தெரியும்.

என் கதைக்கு வருகிறேன். எட்டாம் நாள் ஆற்றைக் கடக்கும்போது கரி மூட்டை பாதி நனைந்து போகிறது. சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த வாடைக்குக் கணுக்கால் பிசகுகிறது. மறுநாள் காட்டில் ஒரு கிளையை வெட்டிக் கைத்தடி ஆக்கிக்கொள்கிறான். பன்னிரண்டாம் இரவு, மரமே இல்லாத கணவாய். கரி தீர்ந்துவிட்டது. தும்பை உறங்குகிறாள். எரிப்பதற்கு அங்கே இருக்கும் ஒரே மரத்துண்டு அவன் கைத்தடி.

காலையில் அவள் விழிக்கும்போது சட்டியில் தணல் இருக்கிறது, தடி இல்லை. அவள் எதுவும் கேட்காமல் தோளைக் கொடுக்கிறாள். நான் எழுதியது இவ்வளவே.

படி 7: நிலாவைச் சரிபாருங்கள்

நாள் வாரியாக ஓர் அட்டவணை போடுங்கள்: எந்த இடம், மீதமுள்ள உணவு, நிலா. நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து உதிக்கும். பௌர்ணமியில் கிளம்பியவர்களுக்குப் பதின்மூன்றாம் இரவு கிட்டத்தட்ட அமாவாசை, நிலவொளியில் கோயில் கோபுரம் மின்னாது. டோல்கீனே 1944இல், முழுநிலவை நெருங்கும் நாட்களில் நிலா எவ்வளவு தாமதமாக எழும் என்பதும் முயலை எப்படிக் குழம்பாக்குவது என்பதும் தமக்குத் தெரிந்தாக வேண்டியிருக்கிறது என்று மகனுக்கு எழுதினார்.

அட்டவணை முடிந்ததும் முதல் நாளிலிருந்து எழுதத் தொடங்காதீர்கள். பன்னிரண்டாம் இரவை முதலில் எழுதுங்கள். ஒன்பதாம் நாள் கிளை வெட்டும் காட்சியை எவ்வளவு சாதாரணமாக, எவ்வளவு சுருக்கமாக எழுதிவிட்டுக் கடந்துபோக வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.