ரைபிளுக்குத் தடை வந்தால்: லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ரைபிளுக்குத் தடை வரப்போகுதாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்தால் போதும், என் போன் ஓயாது. இராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுது பார்ப்பவராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். துப்பாக்கி சம்பந்தமான பேப்பர் வேலை என்றால் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை ஆட்கள் தேடி வருவார்கள். பாதிப் பேர் என்னைப் போல முன்னாள் படைவீரர்கள். வங்கியிலோ பணம் ஏற்றும் வண்டியிலோ காவலுக்கு நிற்பதற்காக லைசென்ஸ் எடுத்தவர்கள். மீதிப் பேர் அப்பா, தாத்தா காலத்துத் துப்பாக்கியைக் காப்பாற்றி வருகிறவர்கள். இப்போது புதிதாக லைசென்ஸ் எடுத்த இளைஞர்களும் வருகிறார்கள். 2020-ல் இந்த மாவட்டத்தில் நாங்கள் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு நடந்த அதே தவறுகளை இன்றைக்கு இவர்கள் செய்யத் தயாராவதைப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

காலாவதி தேதியை மறக்காதீர்கள், தோட்டா போட்டபடி வைக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் கையில் துப்பாக்கியே இருக்கக் கூடாது.

எந்த நாட்டுச் செய்தி என்று பார்க்காமல் பதறுவது

தடை என்றால் எல்லா இடத்திலும் ஒன்று போல இருக்காது. ஆஸ்திரேலியாவில் 1996-ல் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பின் செமி ஆட்டோமேட்டிக் (ஒவ்வொரு முறை சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும்) ரைபிள்களைத் தடை செய்தார்கள். வைத்திருந்தவர்களிடம் அரசே காசு கொடுத்து வாங்கிக்கொண்டது. 2019-ல் கிறைஸ்ட்சர்ச் மசூதித் தாக்குதலுக்குப் பின் நியூசிலாந்தும் அதையே செய்தது. அமெரிக்காவில் 1994-ல் வந்த தடை வேறு மாதிரி. அது புதிதாகத் தயாரிப்பதையும் விற்பதையும்தான் நிறுத்தியது. ஏற்கெனவே கையில் இருந்தவை அப்படியே இருந்தன. 2004-ல் அந்தச் சட்டமும் காலாவதியாகிவிட்டது.

நம் இந்தியாவில் நடந்தது மூன்றாவது வகை. 1983 முதல் ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்று இருந்தது. 2019 டிசம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டத் திருத்தம் அதை இரண்டாகக் குறைத்தது. முதலில் கொண்டு வந்த மசோதாவில் ஒன்றுதான் என்று இருந்தது. எதிர்ப்பு வந்த பிறகு இரண்டாக்கினார்கள். மூன்று வைத்திருந்தவர் எந்த இரண்டு வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டு, மூன்றாவதை ஒரு வருடத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். காலக்கெடு முடிந்து 90 நாளுக்குள் அது லைசென்ஸிலிருந்து நீக்கப்படும். இழப்பீடு என்ற பேச்சே அந்தச் சட்டத்தில் கிடையாது. இங்கே ஒரு தடை வந்தால் இந்த வழியில் வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆகவே ஆஸ்திரேலியாவில் காசு கொடுத்தார்களே என்று யாராவது சொன்னால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

வெளிநாட்டுச் செய்திகளில் அடிபடும் செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்கள் நம்மிடம் சாதாரண லைசென்ஸில் ஏற்கெனவே கிடையாது. .303 ரைபிள் கூட, அதன் தோட்டா இராணுவத் தோட்டா என்பதால், தடை செய்யப்பட்ட 'போர்' (bore, பேரல் துளையின் அளவு) வகையில்தான் வரும். பொதுமக்களுக்கு என்று இஷாப்பூர் அரசுத் துப்பாக்கி ஆலை .315 ரைபிளைச் செய்து விற்றதற்குக் காரணமே அதுதான்.

லைசென்ஸைப் படிக்காமல் இருப்பது

காவல் வேலைக்கு எடுத்த டபுள் பேரல் பன்னிரண்டு போர் ரைபிள் வகையில் வராது. ரைபிள் என்றால் பேரலுக்குள் முறுக்குக் கோடுகள் இருக்கும், இதில் அவை கிடையாது. உங்கள் லைசென்ஸில் என்ன வகை, என்ன போர் என்று எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

ஒப்படைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தடை வந்தாலும், லைசென்ஸ் ரத்தானாலும், காலாவதியானாலும், ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்வது ஒன்றுதான்: வைத்திருக்கும் உரிமை போன துப்பாக்கியைத் தாமதிக்காமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். அதே பிரிவின் அடுத்த வரிகளைத்தான் யாரும் படிப்பதில்லை. விதியில் குறித்த காலத்துக்குள், ஒப்படைத்தவரோ, அவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசோ, உரிமை இருந்தால் துப்பாக்கியைத் திரும்ப வாங்கலாம். இல்லையென்றால் உரிமை உள்ள வேறொருவருக்கு விற்கலாம். அந்தக் காலத்தைத் தவறவிட்டால் கலெக்டர் ஆணையோடு அது அரசுக்குப் போய்விடும். ஒப்படைத்த அன்றைக்குத்தான் கணக்கு ஆரம்பிக்கிறது.

தொண்டிப் பக்கம் ஒரு பெரியவர். இரண்டு பன்னிரண்டு போர், ஒரு .315 ரைபிள் என்று மூன்று வைத்திருந்தார். ஒப்படைக்கக் கடைசி நாள் 2020 டிசம்பர் 13. அந்த வருடம் பாதிக்கு மேல் கொரோனாவில் போய்விட்டது. டிசம்பர் முதல் வாரம் புரெவி புயல் மன்னார் வளைகுடாவுக்குள் வந்து நம் கரையை ஒட்டி நகராமல் நின்று மழையைக் கொட்டியது. மழை விட்டதும் பெரியவர் அவசர அவசரமாக .315-ஐ அதன் தோல் உறையோடு ஸ்டேஷனில் கொண்டு போய்க் கொடுத்தார். அங்கே எழுதித் தந்த ரசீதில் இருந்தது இவ்வளவுதான்: "துப்பாக்கி ஒன்று, உறையுடன்." நம்பர் இல்லை, போர் இல்லை, எந்த ஆலையில் செய்தது என்றும் இல்லை.

"கொடுத்தாச்சு தம்பி, இனி அவுங்க பாடு" என்றார் என்னிடம். முதுகுளத்தூரில் அவருடைய தங்கை மகன் இருந்தார். முன்னாள் படைவீரர், ஒரு ரைபிள் வாங்க லைசென்ஸில் இடமும் இருந்தது. நல்ல விலைக்கே கேட்டார். "மாமா, இப்பவே கலெக்டர் ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்துருவோம்" என்று அவர் சொல்லச் சொல்ல, பெரியவர் பார்ப்போம், பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே போனார். பிறகு ஆஸ்பத்திரிச் செலவு வந்ததும்தான் ரைபிள் ஞாபகம் வந்தது. அதற்குள் ஸ்டேஷனில் இருந்தவர்கள் எல்லோரும் மாறுதலாகிப் போயிருந்தார்கள். ஆயுத அறையில் அதே மாதிரி இன்னொரு ரைபிளும் இருந்தது. எது இவருடையது என்று சொல்ல அந்த ரசீதால் முடியவில்லை. பழைய லைசென்ஸின் நகலைத் தேடி எடுத்து, நம்பரை ஒத்துப் பார்த்துக் கண்டுபிடிப்பதற்குள் காலம் கடந்துவிட்டது.

அடையாளம் காட்ட என்னைத்தான் அழைத்துப் போனார். உறையிலிருந்து இழுத்தபோது அது வரவே இல்லை. தோல் இரும்போடு ஒட்டியிருந்தது. பேரலின் அடிப்பக்கம் முழுக்கச் செந்துரு. போல்ட்டை (தோட்டாவைத் தள்ளிப் பேரலின் பின்பக்கத்தை அடைக்கும் பாகம்) கழற்றிவிட்டு வெளிச்சத்துக்கு நேரே பேரலைப் பிடித்துப் பார்த்தேன். முறுக்குக் கோடுகள் நெடுக அம்மைத் தழும்பு போலக் குழிகள். உப்புக் காற்றும் தோல் உறையும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். தோல் ஈரத்தை இழுத்து இரும்போடு சேர்த்துப் பிடித்து வைக்கும். அப்படிக் குழி விழுந்த பேரலை எந்த ஆர்மரராலும் பழைய நிலைக்குக் கொண்டு வர முடியாது. ரைபிள் கைக்கு வந்திருந்தாலும் தங்கை மகன் அதை வாங்கியிருக்க மாட்டார். கடைசியில் அது அரசுக்கே போனது.

ஒப்படைக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். முந்தின நாளே நம்பரைப் பார்த்து எழுதுங்கள். டபுள் பேரலில் முன்கட்டையை (பேரலுக்கு அடியில் கை பிடிக்கும் மரக்கட்டை) கழற்றி, பேரலைத் தனியாக எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் தட்டையாக இருக்கும் இடத்தில் சோதனை முத்திரைகளோடு நம்பர் அடித்திருக்கும். .315-ல் உடலில் ஒன்றும் போல்ட்டில் ஒன்றும் இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். போனில் படம் எடுத்து வையுங்கள். அப்புறம் புல்-த்ரூவில் (பேரலுக்குள் விட்டு இழுத்துத் துடைக்கும் கயிறு) ஃபிளானல் துணி கோத்துக் காயும் வரை இழுத்து, எண்ணெய் விட்டு, வெளியே மெல்லியதாகக் கிரீஸ் பூசுங்கள். தோல் உறையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ரசீதில் வகை, போர், நம்பர், போல்ட் உண்டா, தோட்டா எத்தனை, எந்த நிலையில் இருக்கிறது, தேதி, முத்திரை இவ்வளவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். "ஐயா, நம்பரை மட்டும் சேர்த்துப் போட்டுக் கொடுங்க" என்றால் யாரும் கோபப்பட மாட்டார்கள். என்னைக் கேட்டால், நம் கரையோரத்துக்கு வியாபாரியிடம் வைப்பதுதான் நல்லது. வாடகை கேட்பார், ஆனால் நாம் போய் நின்றால் எண்ணெய் போட விடுவார். எங்கே வைத்தாலும், அதை விற்கப் போகிறீர்களா, வாரிசுக்கு மாற்றப் போகிறீர்களா என்று அதே வாரத்தில் கலெக்டர் ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள்.

போல்ட்டையும் தோட்டாவையும் வீட்டில் வைத்துக்கொள்வது

பாதுகாப்பு என்று நினைத்தே சிலர் இதைச் செய்கிறார்கள். "அண்ணே, போல்ட் இல்லாம யாரும் சுட முடியாதுல்ல" என்று ஒரு தம்பி என்னிடமே வாதாடினார். சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான். துப்பாக்கியைக் கொடுத்து, அது லைசென்ஸிலிருந்தும் நீங்கிய பிறகு வீட்டில் கிடக்கும் போல்ட்டும், அரிசி டிரம்முக்குப் பின்னால் டப்பாவில் மறந்துபோன தோட்டாக்களும் லைசென்ஸ் இல்லாதவை. 2019 திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்தபட்சம் 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை. தாத்தா காலத்துப் பெட்டிகளை ஒரு முறை முழுக்கக் கொட்டிப் பாருங்கள்.

கைமாற்றி விடுவது

வாங்குபவருக்கு லைசென்ஸ் இருந்தால் மட்டும் போதாது. யாருக்கு விற்கப் போகிறோம் என்று பெயர், முகவரியோடு கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் கொடுக்கலாம். கடைசி மாதத்தில் ஆள் தேடினால் இந்த 45 நாள் கிடைக்காது.

கடலில் போடுவது

வேண்டாம். லைசென்ஸ் புத்தகத்தில் அந்த நம்பர் இருக்கும் வரை, அது எங்கே என்று உங்களைத்தான் கேட்பார்கள்.

சரணாலயத்தை மறப்பது

இது நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் 34-ஆம் பிரிவுப்படி, ஒரு சரணாலயத்துக்குள்ளோ அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ குடியிருக்கும் துப்பாக்கி லைசென்ஸ்தாரர், சரணாலயம் அறிவிக்கப்பட்ட 3 மாதத்துக்குள் வனத்துறையில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். இங்கே மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்தங்கல், சக்கரக்கோட்டை என்று பறவைச் சரணாலயங்கள் வேறு. சக்கரக்கோட்டைக் கண்மாய் ராமநாதபுரம் நகரத்தையே ஒட்டியிருக்கிறது. பழைய லைசென்ஸ்தாரர்களில் எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு பதிவு இருப்பதே தெரியாது. அந்த எல்லைக்குள் புது லைசென்ஸ் கொடுக்கவும் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் சம்மதம் வேண்டும். ஆகவே உங்கள் துப்பாக்கியை வாங்கப் போகிறவர் புதிதாக லைசென்ஸ் எடுக்க வேண்டியவர் என்றால், அவர் வீடு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அப்பாவின் பெயரிலேயே விட்டு வைப்பது

ஆயுத விதிகள், 2016-ன் 25-ஆம் விதியில் ஒரு நல்ல வழி இருக்கிறது. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றலாம். இரண்டில் ஒன்று போதும். வாரிசுக்கும் இரண்டு என்ற வரம்பு உண்டு என்பதை மட்டும் கவனியுங்கள். அப்பா காலமான பிறகு, கூடப் பிறந்தவர்கள் எல்லோரிடமும் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி அலைவதை விட இது எவ்வளவோ மேல். தடைப் பேச்சு கிளம்பிய பிறகு ஆபீஸில் கூட்டம் சேரும். அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் நிறைய வீடுகளில் மகன் வளைகுடா நாட்டில் இருப்பார். லீவில் வந்து, கல்யாணம் காட்சியெல்லாம் முடித்து, கிளம்புவதற்கு நாலு நாள் இருக்கும்போது விண்ணப்பத்தோடு வருகிறார்கள். போலீஸ் விசாரணைக்கு ஆள் இங்கே நேரில் இருக்க வேண்டும். விமானத்திலிருந்து இறங்கிய முதல் வாரத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். அதில் போடும் முகவரியும் ஆதாரில் உள்ள முகவரியும் ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.