டூசான் பிரெசிடியோ: போகும்முன் தெரிந்துகொள்ள வேண்டிய தவறுகள்

அரிசோனாவின் டூசான் நகரத்துக்குப் போகிறவர்கள் பலர், நகர மையத்தில் இருக்கும் சான் அகுஸ்தீன் பிரெசிடியோ (படைவீரர் கோட்டை) அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டபடி வெளியே வருகிறார்கள். கோட்டை என்றதும் மலைமேல் கருங்கல் மதில், அகழி என்று எதிர்பார்த்துப் போவதுதான் முதல் தவறு. இது ஸ்பானியர்கள் பாலைவன எல்லையில் கட்டிய மண் கோட்டை. அதிலும் நாம் பார்ப்பது வடகிழக்கு மூலையை மட்டும். முழுக் கோட்டை பக்கத்துக்கு சுமார் 700 அடி, மொத்தம் ஏறக்குறைய 11 ஏக்கர். மீதி எல்லாம் இன்றைய தெருக்களுக்கும் அலுவலகங்களுக்கும் அடியில் கிடக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் அந்தச் சின்ன முற்றம் வேறு மாதிரித் தெரியும்.

"புதுசா கட்டினதுதானே, இதுல என்ன இருக்கு?" என்று ஒதுக்குவது அடுத்த தவறு. 1775 ஆகஸ்ட் 20 அன்று இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஹியூகோ ஓ'கானர். ஸ்பெயின் ராணுவத்தில் சேர்ந்த அயர்லாந்துக்காரர். மறுவருடம் தெற்கே துபாக் என்ற ஊரிலிருந்து படை இங்கே வந்தது. 1821-இல் மெக்சிகோ விடுதலை அடைந்ததும் கோட்டை அதன் கைக்குப் போனது. பிறகு அமெரிக்கா இந்தப் பகுதியை விலைக்கு வாங்க, 1856-இல் மெக்சிகப் படை கிளம்பியது. அப்புறம் மதிலைக் காக்க ஆளில்லை. கடைசியாக நின்ற துண்டும் 1918-இல் இடிக்கப்பட்டது. 1954-இல் தொல்லியலாளர்கள் தோண்டியபோது மதிலின் அடித்தளம் கிடைத்தது. பின்னர் நடந்த அகழாய்வுகளையும் வைத்துத்தான் இந்த மூலையைத் திரும்பக் கட்டி 2007-இல் திறந்தார்கள். மூலையில் நிற்கும் காவல் கோபுரத்துக்கு டொர்ரெயோன் என்று பெயர்.

மதில் பக்கத்தில் நின்று உற்றுப் பாருங்கள். மண்ணோடு வைக்கோல் கலந்து வெயிலில் காயவைத்த சுடாத செங்கல் அது, அடோபி என்கிறார்கள். மண் பூச்சு உதிர்ந்த இடங்களில் வைக்கோல் துணுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் நகத்தால் சுரண்டுவதும் மேலே ஏறுவதும் வேண்டாம். மழையும் காற்றுமே அதைக் கரைத்துவிடும். பூச்சை அடிக்கடி புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

மேலே மட்டும் பார்த்துவிட்டு வருவதைத்தான் நான் பெரிய இழப்பு என்பேன். கோட்டை வளாகத்துக்குள்ளேயே, மண்ணைத் தோண்டி அமைத்த ஒரு பழங்கால வீட்டின் தடம் இருக்கிறது. சுமார் 2,000 ஆண்டுப் பழமை என்கிறார்கள். சான்டா க்ரூஸ் ஆற்றின் கரையில் ஸ்பானியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே மக்கள் பயிர் செய்து வாழ்ந்திருக்கிறார்கள். டூசான் என்ற பெயரே இந்தப் பகுதிப் பழங்குடிகளான ஓ'ஓதாம் மக்களின் மொழியிலிருந்து வந்ததுதான். அந்தப் பள்ளத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்காமல் வந்தால், ஊரின் கதை 1775-இல் தொடங்கியது என்ற நினைப்போடுதான் திரும்புவோம்.

இதே போன்ற இன்னொரு தவறு, இன்னொரு பழங்குடியினரான அப்பாச்சி மக்களை வெறும் "எதிரி" என்று எடுத்துக்கொள்வது. 1782 மே 1 அன்று அப்பாச்சிகள் பெரும்படையாக வந்து தாக்கினார்கள். அப்போது மதில் வேலை முடியவில்லை. தளபதி பேத்ரோ தே அயந்தே காலில் காயத்தோடு நின்று சண்டையை நடத்தினார். அதன் பிறகுதான் மண்மதில் வேகமாக எழும்பியது. ஆனால் 1793-இல் ஒரு அப்பாச்சிக் கூட்டம் சமாதானம் பேசி, கோட்டைக்குப் பக்கத்திலேயே குடியேறியது. பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். யாருடைய நிலத்தில் யார் கோட்டை கட்டினார்கள் என்று அவர்களே கேட்பார்கள், கேட்கட்டும்.

வழியிலும் குழப்பம் வரும். பிரெசிடியோ என்றால் படைவீரர் கோட்டை. வெள்ளை நிறத்தில் பிரபலமான சான் சேவியர் தெல் பாக் தேவாலயம் ஊருக்குத் தெற்கே, ஓ'ஓதாம் மக்களின் நிலத்தில் இருக்கும் வேறு இடம். துபாக்கிலும் ஒரு பிரெசிடியோ உண்டு. அது நெடுஞ்சாலையில் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி. மேப்பில் முழுப் பெயரையும் டூசான் என்பதையும் சேர்த்தே தேடுங்கள்.

நேரத்துக்கு வருவோம். ஜூன் மாதத்தில் வெயில் 40 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தாண்டும், முற்றத்தில் நிழல் குறைவு. காலையிலேயே போங்கள், தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகலில் திடீரென இடியும் மழையும் கொட்டும். முடிந்தால் அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையே, அந்தக்கால வாழ்க்கையை நடித்துக் காட்டும் சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள்: பீரங்கி வெடிக்கும், கொல்லர் இரும்படிப்பார், டொர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டி சுடுவார்கள். தேதியையும் திறக்கும் நாட்களையும் கிளம்பும்முன் சரிபார்த்துவிடுங்கள். கலிபோர்னியாவிலிருந்து குளிர்காலத்தில் காரில் வருகிறவர்களுக்கு ஒரு விஷயம்: அரிசோனா கடிகாரம் அப்போது ஒரு மணி நேரம் முன்னால் ஓடும்.

பார்த்து முடித்ததும் நேராகக் காருக்குப் போய்விடாதீர்கள். நடைபாதையில் நீலப்பச்சை நிறத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். டர்க்காய்ஸ் டிரெயில் எனும் சுமார் 4 கிலோமீட்டர் நடைவழி அது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தால் பழைய நகரத்தின் முக்கியமான கட்டடங்கள் வழியாகச் சுற்றிவரலாம். வெயில் ஏறுவதற்குள் முடிக்க முடியாவிட்டால் பாதியை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.