ஏற்காடு இறக்கமும் கீச்சிடும் பிரேக்கும்

மழைக்கால அதிகாலையில் கீச்சிடும் பிரேக், நாலைந்து முறை மிதித்ததும் அடங்கிவிட்டால், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டில் படிந்த ஈரமும் மெல்லிய துருவுமே காரணம். ஏற்காட்டிலிருந்து சேலம் நோக்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கீழ் கியருக்கு மாறாமல் பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால், டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டையான பேட் சூடேறி, அதன் பரப்பு கண்ணாடிபோல் இறுகிக் கத்தும். புதிதாக மாற்றினாலும் இப்பழக்கம் அதையும் கெடுத்துவிடும்.

ஓசை தொடர்ந்தால் சக்கரத்தைக் கழற்றி, வெளிப்பேடோடு உட்பேடையும் பாருங்கள். பல வண்டிகளில் உட்புறமே முந்தித் தேய்கிறது. உராய்வுப் பகுதி 3 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கரகரவென்று இரும்பு அரைபட்டால் வண்டியை எடுக்கவே கூடாது.

அடிக்கடி மலையேறுவோர்க்கு, சற்றுச் சத்தமிட்டாலும் சூட்டைத் தாங்கும், உலோகம் கலந்த செமி மெட்டாலிக் பேடே ஏற்றது. நகருக்குள் ஓட்டுவோர்க்கு, விலை கூடினாலும், செராமிக் அமைதியானது. எதுவாயினும் இருபுறச் சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றுங்கள்.