நிலாவெளியில் சூரியன் கடலில் மறைவதில்லை: வருணனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையைக் களமாக வைத்து எழுதும் கதைகளில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி ஒன்று உண்டு: நாயகன் நிலாவெளிக் கடற்கரையில் உட்கார்ந்திருப்பான், செஞ்சூரியன் மெல்லக் கடலுக்குள் இறங்கும். அந்தக் கரை கிழக்கே பார்த்தது. அங்கே சூரியன் கடலில் உதிக்கும், முதுகுப் பக்கம் பனைகளுக்குப் பின்னால் மறையும். தண்ணீருக்கு மேலே அந்திச் செம்மை வேண்டுமென்றால் நாயகனை உட்துறைமுகப் பக்கம் நடக்க விடுங்கள். அங்கேயும் சூரியன் எதிர்க்கரைக்குப் பின்னால்தான் இறங்கும். வருணனையில் முதல் தவறு இப்படி இடத்தைப் பார்க்காமல் எழுதுவது. பருவமும் அப்படித்தான். ஜூன், ஜூலையில் அடைமழை பெய்ய வைத்தால் ஊர்க்காரர் அந்த வரியிலேயே புத்தகத்தை மூடிவிடுவார். இங்கே பெருமழை ஒக்டோபருக்குப் பிறகு வாடையோடு வருவது. ஆடியில் வீசுவது உதட்டை வெடிக்க வைக்கும் கச்சான் காற்று.

அடுத்தது, கை தானாக எழுதிவிடும் சொற்கள். இதைப் பாருங்கள்:

“அழகிய நீலக்கடல் ஆர்ப்பரித்தது. இளந்தென்றல் மெல்ல வருடியது. மகனை எதிர்பார்த்திருந்த தாயின் மனம் சோகக்கடலில் மூழ்கியது.”

எந்தக் கடல், எந்தத் தாய்? நாகப்பட்டினத்திலும் இதே வரி செல்லும், மன்னாரிலும் செல்லும். அதே தாயை இன்னொரு விதமாக எழுதிப் பார்ப்போம்:

“கச்சான் விடியவே தொடங்கிவிட்டது. மீன்வாடி வேலியில் காயப் போட்டிருந்த மகனின் சாரம் பறந்தது. எடுத்து வந்து கல் வைத்தாள். மறுபடியும் பறந்தது. மூன்றாம் தடவை அதை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.”

சோகம் என்ற சொல்லே இதில் இல்லை. கச்சான் இந்தக் கரையில் தரையிலிருந்து கடல் பக்கம் தள்ளும் காற்று, வள்ளம் கரை திரும்பப் படாத பாடு படும். அது தெரிந்த வாசகருக்குக் காற்றைச் சொன்னதுமே அடிவயிறு கலங்கும். தெரியாதவருக்கும் சாரத்தை மடிக்கும் கை போதும். நம் அகப்பாடல்களில் நெய்தலின் புன்னையும் நாரையும் உப்பங்கழியும் காத்திருப்பவளின் துயரத்தைச் சுமந்துதான் வருகின்றன. நிலத்தை உணர்ச்சியோடு கட்டிப்போடும் அந்தப் பழக்கம் நம்மிடம் ஈராயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. அதைக் கைவிட்டு அஞ்சலட்டைக் கடலை வரைவது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

யார் பார்க்கிறார்கள் என்பதை மறந்துவிடுவதும் பெரிய தவறு. கரைவலையின் மடி, மீன் சேரும் அந்தப் பை, கரையேறும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கண் மடியின் கனத்தில் இருக்கும்: கீரி மீனா, சூடை மீனா, எத்தனை பெட்டி தேறும்? கயிறு இழுத்தவனுக்கு உள்ளங்கை எரிச்சல்தான் முதலில் தெரியும். கூடையோடு நிற்கும் பெண் சம்மாட்டியின் முகத்தைப் பார்ப்பாள், இன்றைக்குக் கடன் கேட்கலாமா என்று. மூவருக்கும் ஒரே கடலை வருணித்தால், அங்கே பார்த்துக்கொண்டிருப்பது எழுத்தாளர் மட்டும்தான்.

‘ஐம்புலன்களையும் பயன்படுத்துங்கள்’ என்ற அறிவுரையைச் சிலர் வருகைப் பதிவேடு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நிறம், ஒரு மணம், ஒரு சத்தம், ஒரு சுவை, ஒரு தொடுகை, சரி முடிந்தது. அப்படி வேண்டாம். திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. இறந்த தாயின் அந்தியேட்டிச் சடங்குக்காக வந்தவன் ஒரு கிணற்றில் மொண்டு ஊற்றுகிறான், சுடுகிறது. அடுத்ததில் மொள்ளுகிறான், அது சின்ன வயதில் அம்மா வார்த்துவிட்ட தண்ணீரின் இளஞ்சூடு. அந்த இடத்தில் வாளியோடு அப்படியே நிற்கிறான். தொடுகை ஒன்றே காட்சியைத் தூக்கி நிறுத்திவிட்டது. அங்கே பறவைச் சத்தத்தைச் சேர்த்தால் அவன் கையிலிருந்து வாசகரின் கவனம் போய்விடும்.

தகவலை வருணனை என்று நினைப்பதும் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு ஓடும் கிண்ணியாத் தாய், வழியிலுள்ள கிண்ணியாப் பாலம் 396 மீட்டர் நீளம், 2009இல் திறந்தது என்று நினைக்க மாட்டாள். கதை அதற்கு முந்தைய காலத்தில் நடந்தால் ‘பாதை’ என்று சொல்லும் அக்கரைப் படகுக்காக அவள் துறையில் காத்து நிற்க வேண்டும். அந்தத் தாமதத்தை எழுதுங்கள்: அக்கரையிலேயே நிற்கும் பாதை, பிள்ளையின் கழுத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கும் அவள் கை.

உவமைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பத்தியில் இரண்டு இருந்தால் ஒன்றை வெட்டிவிடுங்கள். அப்புறம், எழுதி முடித்த கையோடு திருத்த வேண்டாம், சில நாள் போகட்டும். பிறகு வருணனை வரிகளை மட்டும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றாக மூடிவிட்டுக் கதையை வாசியுங்கள். மூடியபோது ஆளைப் பற்றியோ நடப்பதைப் பற்றியோ ஏதாவது குறைந்தால் அந்த வரி இருக்கட்டும். எதுவும் குறையவில்லை என்றால், எவ்வளவு ஆசையாக எழுதியிருந்தாலும் எடுத்துவிடுங்கள்.