குட்டிப் பூனை ஆணா, பெண்ணா?

வாலை மெல்லத் தூக்கி, ஆசனவாய்க்கும் அதன் கீழே உள்ள துளைக்கும் இடைவெளி பாருங்கள். இரண்டும் நெருங்கியிருந்து, கீழே உள்ளது சின்னக் கீறலாகத் தெரிந்தால் பெண். அரை அங்குலம் தள்ளி வட்டப் புள்ளியாக இருந்தால் ஆண். நடுவில் விதைப்பை வளர இடம் வேண்டுமே! ஒரே ஈற்றுக் குட்டிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சட்டென்று விளங்கும். கறுப்பு, வெள்ளை, ஆரஞ்சு மூன்றும் கலந்த குட்டி அநேகமாகப் பெண்தான்.

பிறந்த சில நாளில் இது சரிவராது, 6 வாரமாவது பொறுங்கள். 8 வாரம் வரையாவது குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். வேலூர் மார்கழிப் பனியில் சீக்கிரம் விறைத்துவிடும். பசும்பாலும் கூடாது, கழிச்சல் பிடித்துக்கொள்ளும்.