ஆசிரியர் மனநலப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சனிக்கிழமைப் பயிற்சிக்குக் கருத்தாளராகப் போயிருந்தேன். நாற்பது ஆசிரியர்கள். எடுத்தவுடன், "எல்லாரும் கண்ணை மூடி மூச்சை மட்டும் கவனியுங்கள்" என்றேன். கொஞ்ச நேரத்தில் பின்வரிசையில் ஒரு டீச்சர் விம்மி அழ ஆரம்பித்துவிட்டார். கணவர் இறந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. துக்கமோ பழைய அதிர்ச்சியோ உள்ளவர்களுக்கு அமைதியாக உட்காரும்போதுதான் அது மேலே எழும்பி வரும். இப்போதெல்லாம், "கண் திறந்தே இருக்கட்டும், ஜன்னலுக்கு வெளியே அந்த வேப்பமரத்தைப் பாருங்கள், பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள், வேண்டாம் என்றால் எழுந்து போகலாம்" என்று சொல்லித்தான் தொடங்குகிறேன். கூடவே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் எண்ணைப் பலகையில் எழுதிவிடுகிறேன்: 14416. எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

அடுத்த தவறு ஒரே நாளில் முடித்துவிடுவது. மூச்சையும் உடலையும் அந்தந்த நொடியில் கவனித்துப் பழகும் முழுக்கவனப் பயிற்சியை (mindfulness) ஜான் கபாட்-ஜின் 1979இல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் தொடங்கினார். அது பல வார வகுப்பு. வீட்டில் தினமும் செய்யவும் வேண்டும். நாம் அதைக் காலை பத்து மணி முதல் நாலு மணிக்குள் சுருக்கி, சான்றிதழ் கொடுத்து, குரூப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறோம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் ஒதுக்கினாலே இதைவிட நன்றாக இருக்கும்.

சடவை, அதாவது சோர்வை, ஆசிரியரின் குறையாகப் பார்ப்பது இன்னொரு தவறு. பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் விளக்கியபோது, அதை நோயாகச் சொல்லவில்லை. வேலையிடத்தில் நீடிக்கும் அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வருவது என்றே சொன்னது. ரெண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளியில், எமிஸ் என்னும் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவையும் முடித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரிடம் போய் "ஆழமாக மூச்சு விடுங்கள்" என்று மட்டும் சொன்னால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். வர வேண்டிய கோபம் அது. எந்த வேலையைப் பகிரலாம், எதைக் கைவிடலாம் என்று தலைமையாசிரியர்களை வைத்துத் தனியாக ஓர் அமர்வு பேசியாக வேண்டும்.

கேள்வி கேட்கும் மொழியும் முக்கியம். "உங்கள் மனவெழுச்சி நிலையைக் குறிப்பிடுக" என்று படிவம் கொடுத்தேன், எல்லாரும் "நன்று" என்று எழுதினார்கள். "எப்பல்லாம் ரொம்ப சடவா இருக்கு?" என்று கேட்டேன். தாள் போதவில்லை. அப்புறம், மேலப்பாளையத்தில் இருந்தும் பாளையங்கோட்டையில் இருந்தும் வெவ்வேறு மதத்தவர் வந்து ஒரே அறையில் உட்காரும்போது ஓங்காரமோ ஒரு மதத்தின் பாட்டோ வேண்டாம். மூச்சு எல்லாருக்கும் பொது.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவசரப்படுவதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் நடந்த மிரியட் ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. பள்ளியில் கொடுத்த முழுக்கவனப் பாடம், வழக்கமான பாடத்தைவிட மாணவர்களின் மனநலத்தைக் கூட்டவில்லை. பயிற்சி எடுத்த ஆசிரியர்களின் சோர்வு ஓரளவு குறைந்தது. ஆகவே முதலில் ஆசிரியர் தமக்காகச் செய்யட்டும். வகுப்புக்கு எப்போது கொண்டுபோவது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

இனி சொல்வதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து நடக்கக் கற்பதைச் சமூக மனவெழுச்சிக் கற்றல் என்பார்கள். அதன் ஐந்து திறன்களில் ஒன்று, நம்மிலிருந்து வேறுபட்ட பின்னணியில் வந்தவரைப் புரிந்துகொள்வது. நெல்லைச் சீமையில் அதைப் பேசும்போது சாதியை விட்டுவிட முடியுமா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனும் அவன் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியதில் அவனோடு படித்தவர்களும் உண்டு. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் சாதியைக் காட்டக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யவும் பரிந்துரைத்தது. ஆனாலும் நம் பயிற்சிகளில் சிரித்த முகம், கோப முகம் என்று படம் ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆசிரியருடைய நிஜமான பயம் வேறு: "கயிறைக் கழட்டுலேன்னு நான் சொன்னா, சாயங்காலம் ஊரே வாசல்ல வந்து நிக்கும் சார்."

இந்தப் பயத்துக்குத்தான் பயிற்சி வேண்டும். இருவர் இருவராக நடித்துப் பார்க்கச் சொல்கிறேன்: பையனை எல்லார் முன்னாலும் கேட்காமல் தனியே கூப்பிடுவது, குரலைத் தாழ்த்துவது, தலைமையாசிரியரைச் சேர்த்துக்கொண்டு பேசுவது, பெற்றோர் வந்தால் முதல் வாக்கியம் என்ன என்பது. தம் சொந்தச் சாதி பற்றித் தமக்குள் என்ன ஓடுகிறது என்பதையும் ஆசிரியர் கவனிக்க வேண்டும். மூச்சைக் கவனித்துப் பழகியது அந்த இடத்தில் உதவும். சட்டென்று வாயில் வரப்போகும் வார்த்தையை நிறுத்த ஒரு நொடி கிடைக்கும்.

இதையெல்லாம் மேலதிகாரி முன்னால் வட்டமாக உட்காரவைத்துப் பகிரச் சொல்வது பெரிய தவறு. மறுநாள் அவர் முகத்தில்தானே விழிக்க வேண்டும்? யாரோடு பேசுவது என்பதை அவரவரே தேர்ந்தெடுக்கட்டும். நான் தாள்களையும் வாங்கி வைத்துக்கொள்வதில்லை. மடித்து வீட்டுக்கே எடுத்துப் போகச் சொல்லிவிடுகிறேன்.