நாளிதழுக்குச் சந்தா கட்டும் முன், நூலகத்தில் பாருங்கள்

டொராண்டோவுக்குப் படிக்க வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு நாளிதழுக்கு மாதாமாதம் சந்தா கட்டிக்கொண்டிருந்தேன். அதே நாளிதழுக்கு என் பல்கலைக்கழக நூலகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கிறது என்று ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் காசு உங்களுக்கும் வீணாகக் கூடாது.

செய்தித்தாள் எதற்கு, போன் போதாதா என்று கேட்பீர்கள். கனடாவில் 2023 ஆகஸ்ட் முதல் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தி வருவதில்லை. செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தரச் சொல்லும் இணையச் செய்திச் சட்டம் நிறைவேறியதும், இரண்டையும் நடத்தும் மெட்டா அதை நிறுத்திவிட்டது. மிஞ்சுவது வாட்ஸ்அப் ஃபார்வர்டுதான். வெளிநாட்டு மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே வேலை செய்யும் நேரம் 2024 நவம்பரில் வாரத்துக்கு 24 மணி என்று மாறியபோது, எங்கள் குழுவில் ஒருவர் 20 என்றார், இன்னொருவர் 40 என்றார். தவறான எண்ணை நம்பினால் ஸ்டடி பர்மிட்டுக்கே ஆபத்து.

இனி வழி. கூகுளில் தேடி நேரே நாளிதழின் தளத்துக்குப் போகாதீர்கள். இரண்டு பத்தி தெரியும், மூன்றாவது மங்கும், அதன் மேல் சந்தா கேட்கும் பெட்டி வந்து நிற்கும். நீங்கள் மாணவர் என்பது அந்தத் தளத்துக்குத் தெரியாது. முதலில் நூலகத்தின் தளத்துக்குப் போங்கள். அங்கே நாளிதழின் பெயரைத் தேடி, நூலகம் தரும் இணைப்பை அழுத்துங்கள். பல்கலைக்கழக லாகின் கேட்கும். டொராண்டோ பல்கலைக்கழகம் என்றால் அது உங்கள் யூடோர்ஐடி. உள்ளே போனதும் மேலே முகவரிப் பட்டையைக் கவனியுங்கள். பல தளங்களில் நாளிதழின் பெயரோடு நூலகத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். நூலகத்தின் சர்வர் வழியாகப் போகிறீர்கள் என்பதற்கு அதுதான் அடையாளம்.

சில நாளிதழ்கள் இப்படி விடாது. நூலக இணைப்பு வழியே போய், பல்கலைக்கழக மின்னஞ்சலில் ஒரு கணக்குத் தொடங்கச் சொல்லும். சொந்த ஜிமெயிலைக் கொடுத்தால் வேலைக்காகாது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டியிருக்கும். பல நாளிதழ்களை ஒன்றாகத் தரும் ஃபேக்டிவா போன்ற தொகுப்புகளில் படமில்லாமல் எழுத்து மட்டுமே வரும். அச்சான பக்கத்தை அப்படியே பார்க்க பிரஸ்ரீடர் நல்லது. எது எங்கே என்று புரியாவிட்டால் நூலகரிடம் கேளுங்கள். கேட்க யோசிக்கவே வேண்டாம், அவர்கள் வேலையே அதுதான்.

ஒன்று மட்டும் கட்டாயம் பாருங்கள்: குளோப் அண்ட் மெயில் என்ற கனடிய நாளிதழின் பழைய இதழ்கள், 1844 முதல் ஸ்கேன் செய்தவை. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். ஓர் இரவு அந்த நாட்களின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். நம்மவர்களின் செய்திக்குப் பக்கத்திலேயே கடைகளின் தள்ளுபடி விளம்பரங்கள். வெகுநேரம் அந்தத் திரையை மூட மனம் வரவில்லை.

லாகினை அறைத்தோழருக்குக் கொடுக்காதீர்கள். பிடிபட்டால் கணக்கை முடக்குவார்கள். படிப்பு முடிந்தால் இந்த வசதியில் பெரும்பகுதி போய்விடும். அப்போதும், உங்களோடு வந்திருக்கும் கணவருக்கோ மனைவிக்கோ இப்போதே கூட, டொராண்டோ பொது நூலக அட்டை இருக்கிறது. நகரத்தில் குடியிருப்பவர்களுக்கு அது இலவசம், பிரஸ்ரீடரும் அதில் கிடைக்கும். அடையாள அட்டையோடு முகவரிச் சான்று ஒன்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிளைக்குப் போங்கள். போன இடத்தில் தமிழ்ப் புத்தக அலமாரி இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.